மேசை போட்ட கடை பிறந்த கதை

1974-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி விற்பனைக்கு வந்தது. விலை 10 டாலர். மர வரி அச்சிட்ட தாள் ஒட்டிய சிறிய அட்டைப்பெட்டி. திறந்தால் உள்ளே பழுப்பு அட்டை போட்ட மூன்று மெல்லிய புத்தகங்களும் சில தாள்களும் இருந்தன. பலகை கிடையாது, காய் கிடையாது. பகடையைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவும் நாம் அறிந்த ஆறுமுகப் பகடை மட்டும் போதாது. நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகம் கொண்டவையும் வேண்டும். சண்டை விதிகளுக்கு ‘செயின்மெயில்’ என்ற இன்னொரு புத்தகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். காட்டுவழிப் பயணத்துக்கு வேறொரு கம்பெனி விற்ற ‘அவுட்டோர் சர்வைவல்’ ஆட்டத்தின் வரைபடத்தை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். யார் ஜெயித்தார், ஆட்டம் எப்போது முடியும் என்ற கேள்விகளுக்கும் நேரான பதில் இல்லை. அந்தப் பெட்டியின் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’.

வீட்டுக்கு எடுத்துப்போய்த் தனியாகப் படித்தவர்கள் பலருக்குத் தலைகால் புரியவில்லை. ஏற்கெனவே ஆடிப் பழகியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, “நீ ஒரு குகை வாசலில் நிற்கிறாய். உள்ளே இருட்டு. என்ன செய்வாய்?” என்று கேட்டால் போதும், ஆட்டம் உடனே பிடிபட்டுவிடும். ஆக, இதை விற்க முன்வந்த கடைக்காரர் பெட்டியோடு ஓர் ஆளையும், அவர்கள் உட்கார ஓர் இடத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மேசை விளையாட்டுக் கடை என்று உலகம் இன்று அறிந்திருக்கும் இடம் இந்தத் தேவையிலிருந்துதான் பிறந்தது. நல்ல கடை எது, சுமாரான கடை எது என்று பிரித்தறியும் வழியும் இந்தப் பிறப்புக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

எதிராளி தேடிய காலம்

இந்தப் பெட்டிக்கு முன்பும் பெரியவர்கள் விளையாடத்தான் செய்தார்கள். அறிவியல் புனைகதைகளால் பெயர்பெற்ற ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் பரப்பி ஆடுவதற்கு விதிகள் வகுத்து 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகமே எழுதினார். ஆனால் அதற்கு விசாலமான அறை வேண்டும், ஓய்வு நேரம் வேண்டும், அதே கிறுக்குப் பிடித்த நண்பர்களும் வேண்டும். மூன்றும் வாய்த்தவர்கள் குறைவு.

1954-இல் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் ராபர்ட்ஸ் ‘டாக்டிக்ஸ்’ என்ற போர் விளையாட்டைத் தம் வீட்டிலிருந்தே தபாலில் விற்றார். அந்த முயற்சி வளர்ந்து 1958-இல் ‘அவலான் ஹில்’ என்ற கம்பெனி ஆனது. வரைபடம், அட்டை வில்லைகள், பக்கம் பக்கமாக விதிகள் என்று அதன் பெட்டிகள் ரயில் பொம்மைகளும் விமான மாடல்களும் விற்கும் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. வாங்க ஆள் இருந்தார்கள். வாங்கிய பிறகு யாரோடு ஆடுவது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மணிக்கணக்கில் உட்கார்ந்து நெப்போலியன் காலப் போரை ஆட, தெருவுக்கு ஒருவர் கூடக் கிடைக்கமாட்டார்.

அந்தக் கம்பெனி 1964-இல் தொடங்கிய ‘தி ஜெனரல்’ இதழில் ‘எதிராளி தேவை’ என்ற விளம்பரப் பகுதி இருந்தது. ஊரும் முகவரியும் போட்டு, ஆட ஆள் வேண்டும் என்று அமெரிக்காவின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து எழுதினார்கள். பக்கத்தில் ஆள் கிடைக்காதவர்கள் ஒவ்வொரு நகர்வையும் கடிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பி மாதக்கணக்கில் ஆடினார்கள். பணம் கொடுத்தால் விளையாட்டு கிடைத்தது, எதிராளி கிடைக்கவில்லை. கடைகள் இந்தக் குறையைப் புரிந்துகொள்ள இன்னும் சில வருடங்கள் ஆயின.

புரிந்துகொண்டவர்களில் ஒருவர் கேரி கைகாக்ஸ். சிகாகோவில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை, லேக் ஜெனீவாவில் வீடு. 1968-இல் அவர் தம் ஊரின் தோட்டக்கலைச் சங்க மண்டபத்தை 50 டாலர் வாடகைக்குப் பிடித்தார். மேசைகளைப் போட்டார். போர் விளையாட்டுப் பித்தர்களை வரச் சொன்னார். ‘ஜென் கான்’ என்று இன்றும் ஆண்டுதோறும் நடக்கும் பெருங்கூட்டத்தின் தொடக்கம் அதுதான். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு மினசோட்டாவிலிருந்து வந்த டேவ் ஆர்ன்சன் என்ற இளைஞர் அங்கேதான் கைகாக்ஸுக்குப் பழக்கமானார். டன்ஜன்ஸை இருவரும் சேர்ந்து உருவாக்கியதற்கு அந்த அறிமுகமே அடிப்படை. வாடகைக்கு ஒரு மண்டபமும் நாலு மேசையும் இல்லாதிருந்தால் அந்த விளையாட்டே பிறந்திருக்காது என்று தயங்காமல் சொல்லலாம்.

கடை மேசையில் பிறந்த திருடன்

கைகாக்ஸும் அவருடைய பால்யகால நண்பர் டான் கேயும் 1973 அக்டோபரில் ‘டி.எஸ்.ஆர்.’ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். டன்ஜன்ஸை முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள். புத்தகங்களை அடுக்கிப் பெட்டியில் போடுவது வரை எல்லாம் வீட்டிலேயே கையால் நடந்தது. ஏறத்தாழ ஓராண்டுக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. விளம்பரத்துக்குச் செலவழிக்கக் காசு இல்லாத கம்பெனி அது. ஆடிய ஒருவர் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்க, அந்த நாலு பேரும் ஆளுக்கு ஒரு கூட்டம் சேர்க்க, விளையாட்டு வாய்மொழியாகவே பரவியது.

அப்படிப் பரவியபோது கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் நடந்த ஒரு விஷயம் மேசை விளையாட்டுக் கடைகளின் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டியது. அங்கே ‘ஏரோ ஹாபிஸ்’ என்று ஒரு கடை. கேரி ஸ்விட்சர் என்பவர் நடத்தினார். மாடல்களோடு போர் விளையாட்டுகளும் விற்பார். கடையில் கூடி ஆடும் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் கையில் இந்தப் புதிய விளையாட்டு கிடைத்தது. அதில் ஆட்டக்காரர் ஏற்கக்கூடிய பாத்திரங்கள் மூன்றே வகை: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி. பூட்டைத் திறக்க, பொறியைக் கண்டுபிடிக்க, இருளில் பதுங்கிப் போக ஓர் ஆள் இல்லையே என்று அந்தக் கூட்டத்துக்குத் தோன்றியது. திருடன் என்று நான்காவதாக ஒரு வகையைத் தாங்களே செய்து ஆடிப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. ஸ்விட்சர் 1974-இல் கைகாக்ஸுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். கைகாக்ஸ் அந்த யோசனையை வைத்துத் தம் வழியில் விதிகள் எழுதினார். 1975-இல் வந்த ‘கிரேஹாக்’ துணைநூலில் திருடன் அதிகாரபூர்வமாக இடம்பிடித்தான். இன்று கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் பூட்டுடைத்துப் பதுங்கிச் செல்லும் பாத்திரங்கள் எத்தனையோ உண்டு. அவை பலவற்றுக்கு மூதாதை அந்தக் கடையில் பிறந்த திருடன்.

மேசை போட்ட கடை விற்பனை நிலையம் என்ற நிலையைத் தாண்டி, விளையாட்டையே வளர்க்கும் இடமாக மாற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. பெட்டியை வாங்கி, பணத்தைக் கொடுத்து, வீட்டுக்குப் போய்விடும் இடத்தில் இது நடந்திருக்காது. ஒரே கூட்டம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கூடினால்தான் “இதில் என்ன குறைகிறது?” என்ற கேள்வி எழும்.

டி.எஸ்.ஆரும் இதை விரைவிலேயே கண்டுகொண்டது. 1976-இல் லேக் ஜெனீவாவில் ஒரு பழைய வீட்டை எடுத்து, ‘டன்ஜன் ஹாபி ஷாப்’ என்று கடை திறந்தார்கள். கீழே விற்பனை, மேலே அலுவலகம். எழுதுகிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அந்தக் கட்டடம் பின்னாளில் அருங்காட்சியகம் ஆனது.

லண்டன் மாடியறையில் மூன்று நண்பர்கள்

அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் கதை வேறு வழியில் நடந்தது. இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக் மூவரும் மான்செஸ்டரை ஒட்டிய ஆல்ட்ரிங்கம் என்ற ஊரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். 1975-இல் லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஒரு ஃபிளாட்டில் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். அங்கேயே ‘கேம்ஸ் வொர்க்‌ஷாப்’ என்று ஒரு கம்பெனியைத் தொடங்கினார்கள். பீக்கின் கைகளில் தச்சுத் திறமை இருந்தது. பேக்கேமன், கோ முதலிய ஆட்டங்களுக்கு மரப்பலகைகள் செய்தார். நம் பல்லாங்குழியின் நெருங்கிய உறவான மன்கலாவுக்கும் குழி தோண்டிய பலகைகள் செய்து விற்றார்கள்.

கூடவே ‘அவுல் அண்ட் வீசல்’ என்று சில பக்கங்களில் ஒரு செய்தி மடல் நடத்தினார்கள். அதன் பிரதி ஒன்று கடல் தாண்டி டி.எஸ்.ஆரின் பங்குதாரர் பிரையன் ப்ளூமின் கைக்குப் போனது. பதிலுக்கு அவர் ஒரு டன்ஜன்ஸ் பெட்டியை அனுப்பினார். ஆடிப் பார்த்த லிவிங்ஸ்டனும் ஜாக்சனும் சொக்கிப்போனார்கள். கையில் இருந்த காசுக்கு ஆறு பிரதிகள் ஆர்டர் கொடுத்தார்கள். அந்த ஆறு பிரதிகளை நம்பியே ஐரோப்பா முழுவதற்கும் மூன்று ஆண்டு விற்பனை உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. இந்தப் புதிய ஆட்டத்தில் மனம் ஒட்டாத பீக், 1976-இல் விலகிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் கதையின் உயிர்நாடி. அவர்கள் விற்றது தபாலில். கொடுத்திருந்தது வீட்டு முகவரி. ஆனால் வாங்குகிறவர்கள் தபாலுக்குக் காத்திருக்கவில்லை. அங்கே கடை இருக்கிறது என்று நினைத்துத் தெருவில் வந்து நின்றார்கள். வீட்டுக்காரருக்குப் பொறுமை போனது; காலி செய்யச் சொல்லிவிட்டார். இருந்த பணத்தில் ஒரு சிறிய அலுவலக அறையை மட்டும் பிடிக்க முடிந்தது. வீட்டுக்கு வாடகை கொடுக்க வழியில்லாமல், இருவரும் சில மாதங்கள் ஒரு வேனிலேயே படுத்துறங்கினார்கள். குளிப்பதற்காக ஒரு ஸ்குவாஷ் கிளப்பில் உறுப்பினர் ஆனார்கள்.

வந்து நின்ற அந்த மனிதர்கள் எதற்காக வந்தார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பெட்டி தபாலில் வந்திருக்கும். ஆனால் இந்த விளையாட்டைப் பற்றிப் பேச அவர்கள் ஊரில் வேறு யாரும் இல்லை. அந்தப் பசிக்குத் தீனி போட இருவரும் எல்லா வழியிலும் முயன்றார்கள். 1975-லேயே ‘கேம்ஸ் டே’ என்று ஆட்டக்காரர்கள் கூடும் நாள் ஒன்றை நடத்தினார்கள். 1977-இல் ‘ஒயிட் டுவார்ஃப்’ இதழைத் தொடங்கினார்கள். 1978 ஏப்ரலில் ஹாமர்ஸ்மித் பகுதியில், 1, டாலிங் ரோடு என்ற முகவரியில் அவர்களுடைய முதல் கடை திறந்தது. திறக்கும் முன்பே வாசலில் வரிசை நின்றது. வாடிக்கையாளர் முதலில் வந்து, கடை பிறகு வந்த கதை இது.

தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கடை

அடுத்து வந்தது ஈயப் பொம்மைகளின் காலம். கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் துணையோடு பிரையன் ஆன்செல் தொடங்கிய ‘சிட்டடல் மினியேச்சர்ஸ்’, கட்டைவிரல் உயர வீரர்களையும் பூதங்களையும் வார்த்துக் கொடுத்தது. 1983-இல் ‘வார்ஹாமர்’ வந்தது. 1987-இல் ‘வார்ஹாமர் 40,000’ வந்தது. இந்த ஆட்டங்களில் உங்கள் படையை நீங்களே ஒட்டி, நீங்களே வண்ணம் பூச வேண்டும். ஆறடிக்கு நாலடி மேசை வேண்டும். அதன்மேல் குன்றும் கோட்டைச் சுவரும் வேண்டும். சாதாரண வீட்டுக் கூடத்தில் இது நடக்கிற காரியமா? கடைதான் இடம் கொடுத்தது.

இந்தக் கடைகளில் நடக்கும் ஒரு சிறு காட்சியை அருகில் போய்ப் பார்ப்போம். பத்து வயதுச் சிறுவன் முதல்முறையாக வந்திருக்கிறான். கடை ஊழியர் ஒரு சாம்பல் நிறப் பொம்மையை அவன் கையில் கொடுக்கிறார். முதலில் கவசத்துக்கு அடிவண்ணம். தூரிகையைப் பென்சில் பிடிப்பதுபோல் பிடிக்கச் சொல்கிறார்; இரண்டு மணிக்கட்டுகளும் ஒன்றை ஒன்று தாங்கினால் கை நடுங்காது. அடுத்து, தண்ணீராக ஓடும் கருமை கலந்த வண்ணம். அது பள்ளங்களில் தானாகத் தேங்கி நிழலாகிவிடுகிறது. கடைசியாக, வெளிர்நிறத்தைத் தொட்டுத் துணியில் நன்றாகத் துடைத்து, ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் மேடுகளின் மேல் இலேசாக உரசச் சொல்கிறார். சங்கிலிக் கவசத்தின் ஒவ்வொரு வளையமும் பளிச்சென்று எழுந்து வருகிறது. சிறுவன் தன் கையால் செய்ததைத் தானே நம்பாமல் பார்க்கிறான். அந்தப் பொம்மை அவனுக்கே. காசு வாங்குவதில்லை. இதற்கு அதிக நேரம் ஆகாது. ஆனால் அவன் ஆயுளுக்கும் ஒரு பொழுதுபோக்கைப் பிடித்துக்கொண்டுவிடுகிறான்.

காலப்போக்கில் அந்தக் கம்பெனி தன் கடைகளில் தன் பொருளை மட்டுமே விற்பது என்று முடிவு செய்தது. அதனால் எல்லாக் கம்பெனி விளையாட்டுகளையும் ஒன்றாக வைத்து, எல்லா வகை ஆட்டக்காரர்களையும் வரவேற்கும் பொறுப்பு ஊருக்கு ஊர் இருந்த தனிக் கடைகளின் தலையில் விழுந்தது. இன்று நாம் நல்ல கடை என்று கொண்டாடுவது பெரும்பாலும் அவற்றைத்தான்.

சீட்டுக்கட்டு கற்றுத்தந்த பாடம்

1991-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆராய்ச்சி மாணவர், சியாட்டில் பக்கத்தில் ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ என்ற சிறு கம்பெனி வைத்திருந்த பீட்டர் அட்கிசனிடம் ஒரு விளையாட்டைக் காட்டினார். அதைத் தயாரிக்க முதல் போதாது. சீக்கிரம் ஆடி முடிக்கக்கூடியதாக, பையில் எடுத்துப்போகக்கூடியதாக, பெரிய ஆட்டங்களுக்கு நடுவே காத்திருக்கும் நேரத்தில் ஆடுவதற்கு ஒன்று வேண்டும் என்று அட்கிசன் கேட்டார். 1993 ஆகஸ்டில் ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டு விளையாட்டு வெளிவந்தது. எந்தப் பொட்டலத்தில் எந்தச் சீட்டு இருக்கும் என்பது பிரித்தால்தான் தெரியும். கடைகளால் வாங்கி அடுக்கி மாளவில்லை.

பணம் கொட்டியது. அதனால் ஆசையும் ஏறியது. அரிய சீட்டுகளைப் பதுக்கி விலை ஏற்றி விற்பதே தொழில் என்று பல கடைகள் நினைத்தன. அந்தக் காலத்தில் கேட்ட அளவுக்குச் சரக்கு வராது என்பதால், தேவைக்கு மேல் பல மடங்கு ஆர்டர் போடும் வழக்கமும் வந்தது. 1994 நவம்பரில் ‘ஃபாலன் எம்பயர்ஸ்’ என்ற தொகுப்பு வந்தபோது, கம்பெனி எல்லா ஆர்டரையும் நிறைவேற்றும் அளவுக்கு அச்சடித்து அனுப்பிவிட்டது. சரக்கு குவிந்தது, விலை சரிந்தது, கடைக்காரர்களின் கையைக் கடித்தது.

சீட்டின் விலையை நம்பிய கடைக்குச் சரிவு வந்தால் பிடிமானம் இல்லை. சீட்டை ஆடுகிறவரை நம்பிய கடைக்கு உண்டு. கம்பெனியும் இதைப் புரிந்துகொண்டு போட்டிகளையும் கூடுகைகளையும் முறைப்படுத்தியது. 2000-இல் ‘ஃபிரைடே நைட் மேஜிக்’ தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலை எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் ஆட ஆள் இருப்பார்கள் என்ற உறுதி பிறந்தது. 1964-இல் ‘எதிராளி தேவை’ என்று விளம்பரம் கொடுத்தவர்களின் கவலைக்கு இதுதான் மருந்து. யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம். கிழமையைத் தெரிந்துகொண்டால் போதும்.

அந்த மாலைகளில் ‘டிராஃப்ட்’ என்ற முறை ஒன்று உண்டு. எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கு மூன்று பொட்டலம். முதல் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இடதுபக்கம் தள்ள வேண்டும். வலதுபக்கம் இருப்பவர் தள்ளியதிலிருந்து இன்னொன்று. இப்படி எல்லாச் சீட்டும் தீரும்வரை சுற்றி வரும். இரண்டாவது பொட்டலம் எதிர்த்திசையில் சுற்றும். கிடைத்ததை வைத்து அங்கேயே 40 சீட்டுக் கட்டு ஒன்று அமைத்து ஆட வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சீட்டு சேர்த்தவருக்கும் நேற்றுக் கற்றுக்கொண்ட கல்லூரி மாணவிக்கும் அங்கே முதல் ஒன்றே. எட்டுப் பேரும் முன்பின் தெரியாதவர்களாக இருக்கலாம். எழுந்து போகும்போது அப்படி இருப்பதில்லை.

கதவு அகலமான காலம்

இவ்வளவு இருந்தும், இந்தக் கடைகளுக்குள் நுழையத் தயங்கியவர்கள் ஏராளம். இருட்டான கடை, உள்ளூர்க் கூட்டத்தின் பரிபாஷை, புதிதாக வந்தவரை ஏற இறங்கப் பார்க்கும் கண்கள். குறிப்பாகப் பெண்கள் தனியாக வர யோசித்தார்கள். அந்தக் கதவை அகலமாக்கியதில் ஜெர்மனிக்குப் பெரும் பங்கு உண்டு. 1979 முதல் அங்கே ஆண்டின் சிறந்த விளையாட்டுக்குப் பரிசு தருகிறார்கள். 1983 முதல் எஸ்ஸன் நகரில் நடக்கும் விளையாட்டுச் சந்தையில், குடும்பம் குடும்பமாக வந்து, உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். 1995-இல் அந்தப் பரிசைப் பெற்ற கிளாஸ் டொய்பரின் ‘கட்டான்’ உலகம் சுற்றியது. ஒன்றரை மணி நேரத்தில் முடியும். நடுவில் யாரையும் ஆட்டத்திலிருந்து தூக்கி எறியாது. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து ஆடலாம்.

தென்கொரியாவில் 2000-களின் தொடக்கத்தில் போர்டு கேம் கஃபேக்கள் பெருகின. 2010-இல் கனடாவின் டொரான்டோ நகரில், புளூர் தெருவில் ‘ஸ்னேக்ஸ் அண்ட் லாட்டேஸ்’ திறந்தது. தொடக்கத்தில் அங்கே 5 டாலர் கொடுத்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார முடிந்தது. சுவர் முழுக்க அடுக்கிய விளையாட்டுகளில் எதை வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். எதை எடுப்பது என்று திகைத்தால் ஊழியர் வந்து, நீங்கள் எத்தனை பேர், எவ்வளவு நேரம், சிரிக்க வேண்டுமா மூளையைக் கசக்க வேண்டுமா என்று கேட்டு ஒன்றை எடுத்து வைத்து விளக்குவார். இத்தனை காலம் மற்ற கடைகள் இலவசமாகக் கொடுத்துவந்த மேசைக்கும் சொல்லிக்கொடுப்பதற்கும் இங்கே வெளிப்படையாக ஒரு விலை வைத்தார்கள். மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள்.

நல்ல கடையின் அடையாளம்

இந்தக் கதையில் வந்த ஒவ்வொருவரும் நல்ல கடைக்கு ஓர் இலக்கணத்தை விட்டுப் போயிருக்கிறார்கள்.

முதல் இலக்கணம் மேசை. கடைக்காரருக்கு அது எளிதான முடிவு அன்று. அடிக்கணக்கில் வாடகை கொடுக்கும் இடத்தில், ஒரு மேசையும் நாலு நாற்காலியும் அடைக்கும் பரப்பில் அலமாரி வைத்தால் நூற்றுக்கணக்கில் சரக்கு அடுக்கலாம். மேசை தானாக எதையும் விற்காது. அதில் உட்கார்ந்து பழகியவர் நாளை வாங்கும் பகடையிலும் சீட்டு உறையிலும் வண்ணக் குப்பியிலும் குளிர்பானத்திலும்தான் அந்தப் பணம் சுற்றி வளைத்துத் திரும்பி வரும். இந்தப் பொறுமை இல்லாதவர் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. மேசை இருந்தால் போதாது. வெளிச்சமும் காற்றோட்டமும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும். மூன்று மணி நேரம் ஒருவரை உட்காரச் சொல்லிவிட்டு இவற்றைக் கவனிக்காமல் விடுவது மரியாதை இல்லை.

இரண்டாவது, சொல்லிக்கொடுக்கும் ஆள். நல்ல ஊழியர் விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒப்பிக்கமாட்டார். நீங்கள் யார், எதை அடைந்தால் ஜெயிப்பீர்கள், உங்கள் முறை வந்தால் என்ன செய்யலாம் என்ற மூன்றைச் சொல்லி ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார். மிச்ச விதிகள் தேவைப்படும்போது வரும். 80 டாலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம், “உங்கள் வீட்டில் இரண்டு பேர்தானே? இது நாலு பேருக்குத்தான் சுவைக்கும்; அந்த 20 டாலர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லத் துணிந்தவர் அவர். அன்றைக்கு 60 டாலர் போகும். ஒரு வாடிக்கையாளர் காலத்துக்கும் தங்குவார்.

மூன்றாவது, மாறாத கிழமை. திங்கள் இது, வெள்ளி அது என்று சுவரில் எழுதி வைத்து, இரண்டே பேர் வந்தாலும் நடத்திக் காட்டும் கடையில்தான் கூட்டம் சேரும். ஆள் வரவில்லை என்று இரண்டு வாரம் நிறுத்தினால், மூன்றாவது வாரம் வர நினைத்தவரும் வரமாட்டார்.

நான்காவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, முகம் கொடுத்துப் பேசுவது. வாசலில் தயங்கி நிற்கும் பதின்வயதுப் பெண்ணையும், பேரனுக்குப் பரிசு தேடி வந்த தாத்தாவையும், பத்து வருடமாக வரும் வாடிக்கையாளரையும் ஒரே அக்கறையோடு வரவேற்க வேண்டும். “உனக்கு இதெல்லாம் தெரியுமா?” என்று புதியவரை மட்டம் தட்டும் பழைய ஆளை, அவர் எவ்வளவு செலவு செய்பவராக இருந்தாலும், கண்டிக்கும் துணிவு கடைக்காரருக்கு வேண்டும். அந்தத் துணிவு இல்லாத கடையில் மற்ற மூன்றும் இருந்து பயன் இல்லை.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது மேசைகளை மடக்கி வைக்க நேர்ந்தது. வாசலில் வைத்துப் பெட்டிகளை விற்றார்கள். நிலைமை சீரானதும் மக்கள் திரும்பி வந்தது அந்த மேசைகளுக்குத்தான். அரை நூற்றாண்டுக்கு முன் லண்டனில் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றவர்களுக்கு இருந்த அதே பசி இவர்களுக்கும் இருந்தது.

அதனால் வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எந்த ஊருக்குப் போனாலும் இப்படிப்பட்ட கடை கண்ணில் பட்டால் உள்ளே போங்கள். அலமாரியைப் பார்ப்பதற்கு முன் மேசையைப் பாருங்கள். அங்கே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிடித்திருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். ஆனால் அவர்கள் மேசையில் ஆடிப் பார்த்துவிட்டு, இரண்டு டாலர் மிச்சம் என்று போனில் வேறெங்கோ ஆர்டர் போடாதீர்கள். ஆடிய பெட்டியை அந்தக் கடையிலேயே வாங்குங்கள். இணையத்தில் எந்த விளையாட்டும் கிடைக்கும். உட்கார்ந்து ஆட ஒரு மேசையும், எதிரே ஒரு மனிதரும் அந்தக் கடை திறந்திருக்கும்வரைதான் கிடைக்கும்.